ஒரே குடி, ஒரே வயித்துவார்

1

என் தம்பி யோகன் ஒரு குடிகாரன் என்று இந்த நாட்டு அரசாங்கக் கோப்பில் எழுதியிருக்கிறது. ஊரில் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரு மிடறு தொடாதவன் அவன். கள்ளுக் குடித்த ஆள் பக்கத்தில் வந்து இருந்தால் எழும்பி மற்றப் பக்கம் போய் இருப்பான். அவனைப் பற்றி இவர்கள் எழுதி வைத்திருக்கிற முதலாவது விசயம் இது. இரண்டாவது, அவன் பொய்யன். மூன்றாவது, அவனோடு சேர்ந்து நானும் பொய் சொல்லியிருக்கிறேன்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். இங்கே யாரிடம் சொல்வது? சுவிஸில் நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். கூட வேலை செய்கிற பெண்கள் நல்லவர்கள்தான். ஒருத்தி போர்த்துக்கல், மற்றவள் துருக்கி. எங்களுக்குப் பொதுவாக இருக்கிற டொச், அதாவது ஜேர்மன் மொழியில் கறை, வெள்ளை, சூடு, முடிந்தது என்ற நாலைந்து சொல்லுக்கு மேல் நாங்கள் போவதில்லை. அந்தச் சொற்களை வைத்துத் தம்பியின் வழக்கை விளங்கப்படுத்த ஏலாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு முதல் வரியிலேயே எங்கே பிழைத்தது என்று விளங்கியிருக்கும். விளங்கினால் சிரியுங்கள். நானும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன்.

2

யோகன் என் சின்னம்மாவின் மகன். ஆகவே என் தம்பி. உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே விளக்கம் சொல்லப் போய்த்தான் நாங்கள் கெட்டோம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வளவில் இரண்டு வீடு. ஒன்று அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மற்றது அம்மாவின் தங்கச்சிக்கு, அதாவது சின்னம்மாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது, கிணறும் ஒன்றுதான். நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அவன் சின்னம்மாவுக்கு ஒரே பிள்ளை. எனக்குப் பத்து வயதில் அவன் பிறந்தான். என் இடுப்பில் இருந்துதான் வளர்ந்தான். அம்மா இறந்த பிறகு நான் உண்டதும் உறங்கியதும் சின்னம்மா வீட்டில்தான். இனிமேல் இந்தப் பெண்ணை இங்கே வைத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று கொழும்புக்குக் கூட்டிப்போய் என்னை விமானம் ஏற்றியவரும் அவர்தான். அப்போது யோகன் காற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பையன்.

போன வருசம் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அவனால் முடியவில்லை. விடும்போதே மறுபடி வருவோம் என்று சொல்லித்தான் விட்டார்களாம். இரவில் மற்றப் பக்கத்து இயக்க ஆட்களும் வந்து, வீட்டுக்கு ஒரு ஆள் தரவேண்டும், உங்கள் வீட்டில் யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் கேட்டால் ஒரு தாய் என்ன செய்வாள்?

எங்கள் கரையில் தொலைபேசி இல்லை. சின்னம்மா வாவியைக் கடந்து ஆரையம்பதிக்கு வந்து, அங்கே ஒரு கொமினிகேசனில் காத்திருந்து எனக்கு எடுப்பார். நம்முடைய ஆட்கள் தொலைபேசிக் கடைக்கு வைத்த பெயர் அது. பேசுவதற்கு வந்தால் பாதி நேரம் இரைச்சல்தான் கேட்கும். அன்றைக்கு இரைச்சல் இல்லாமல் ஒரு வசனம் தெளிவாகக் கேட்டது.

"உன்ட தம்பிய நீதான் எடுக்கணும் புள்ள. இனி என்னால ஏலாது."

எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதை எழுதுவது புத்தியில்லை. மாசி மாதத்துப் பனியில் வந்து சேர்ந்தான். வந்தவர்களைப் பதிகிற முகாமில் உனக்கு இந்த நாட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவன் என்ன சொல்வான்? அக்கா இருக்கிறா என்றான். என்னிடம் கேட்டார்கள். ஓம், என் தம்பி என்று நானும் சொன்னேன். எங்கள் இரண்டு பேரின் வாயிலிருந்தும் வந்த அந்தப் பதிலில்தான் எல்லாம் தொடங்கியது.

உடன்பிறந்த ஆள் இருந்தால் அவன் எங்கள் மாநிலத்துக்கே வரலாம், என் வீட்டில் இருந்தபடி வழக்கைப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அவனுடைய பத்திரத்தில் ஒரு தாயின் பெயர், என்னுடையதில் இன்னொரு தாயின் பெயர். நான் வந்த காலத்தில் என் வாக்குமூலத்தில், உங்கள் தாய்க்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தார்கள். ஒன்று என்று சொல்லியிருந்தேன். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அந்தப் பழைய கோப்பைத் தூசு தட்டி எடுத்து, அன்றைக்கு ஒரு பிள்ளை, இன்றைக்குத் தம்பி எங்கிருந்து வந்தான் என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

3

யோகனுடைய முதல் விசாரணையின் பதிவை, எங்களுக்கு உதவி செய்கிற சட்டத்தரணிப் பெண் அனுப்பியிருந்தார். சந்தையில் பேசுகிற டொச் எனக்குத் தெரியும். அலுவலக டொச் வேறு சாதி. அதனால் மகள் மதுவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். பதினாலு வயது. இங்கே பிறந்தவள். தமிழை என்னோடு மட்டும் பேசுவாள், அதுவும் ஏதாவது தேவைப்பட்டால்.

அவள் சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு? அக்கா. இருவருடைய தாயின் பெயரும் வேறாக இருக்கிறதே?

அதற்கு யோகன் சொன்ன பதில் எனக்குத் தெரியும். பிறகு அவன் வாயாலேயே கேட்டேன். "அக்காவும் நானும் ஒரே குடி, ஒரே வயித்துவார்" என்றுதான் சொல்லியிருக்கிறான். எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவாக ஒருவனும் பதில் சொல்ல முடியாது. குடி தகப்பனால் வருவதில்லை. தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரு தாயின் வயிற்றில் இருந்து பெண்வழியாக இறங்கி வந்தவர்கள் எல்லாரும் ஒரு வயிற்றுவார். கோயில் சடங்கில் எந்த நாள் யாருக்கு என்பதும், யாரை யார் கட்டலாம், கட்டக்கூடாது என்பதும் அதை வைத்துத்தான். எங்கள் குடியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இதை வாசித்து முடிக்கும் முன் யாராவது சின்னம்மாவின் படலையைத் தட்டுவார்கள், தட்டுகிறவர் யாராக இருப்பார் என்றும் சொல்ல முடியாத காலம்.

பதிவில் என்ன இருந்தது தெரியுமா?

பதில்: நானும் அந்தப் பெண்ணும் ஒன்றாகக் குடிப்பவர்கள். எங்களுக்கு ஒரே வயிறு.

கேள்வி: எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்கள்?

பதில்: பிறந்ததில் இருந்து. அது தாய் மூலம் வந்தது.

மதுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வாய் கோணியது. பிறகு அவள் அடுத்த பக்கத்தை வாசித்தாள், என் சிரிப்பு அதோடு நின்றது.

தப்பி வந்த விதத்தை யோகன் சொல்லியிருக்கிறான். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. கிழக்கே எழுகிற பக்கம் எழுவான்கரை. ஓடத்துறையில் சோதனைச்சாவடி. அவனுடைய பெயர் அங்கே இருக்கிறது. அதனால் துறையை விட்டு விலகி, மீன்பிடிக்கிற ஒருவரின் தோணியில் வலைக்குக் கீழே படுத்து, ரோந்துப் படகு எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் கரை மாறியிருக்கிறான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பயணம் அது. "படுவான்கரையில இருந்து எழுவான்கரைக்கு வந்தன்" என்று அதை ஒரு வசனத்தில் தொடங்கியிருக்கிறான்.

பதிவில் அது இப்படி இருக்கிறது: வாவிக் கரையில் படுத்திருந்தேன். பிறகு எழுந்து வந்தேன்.

அதன் கீழே அதிகாரியின் குறிப்பு. உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒருவர் கரையில் படுத்து உறங்கி, பிறகு சாவகாசமாக எழுந்து வந்தார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. வேறோர் இடத்தில் படுவான் என்று அவர் சொல்லும் ஊர் வரைபடத்திலும் இல்லை.

மொழிபெயர்த்தவர் தமிழர்தான். நம்முடைய நாட்டுத் தமிழர்தான். படித்தவர், கழுத்துப்பட்டி கட்டியவர் என்று யோகன் சொன்னான். எங்கள் வாவியை ஒருநாளும் கண்ணால் காணாதவர். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்தில் முடிந்திருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ, கேட்டால் அடுத்தமுறை தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. தமிழ் தெரிந்தவர் தமிழனைக் கெடுத்தார் என்ற கோபம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு மது என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இவர் உங்கட குசேன் தானே? நீங்களும் பொய்தானே சொன்னீங்க?"

கையில் இருந்த தட்டைக் கழுவுதொட்டியில் போட்டேன். அது இரண்டாகப் போனது. பொய் சொன்னது யார் என்று கத்தினேன். தன் தாய்மாமனை, தோளில் தூக்கிச் சுமக்க ஒரு மாமன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குக் கிடைத்த ஒரே மாமனை, குசேன் என்கிறாளே என்று இருந்தது. ஆங்கிலத்துக் கசினுக்கு இவர்களின் சொல் அது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவள் பேசுகிற மொழியில் அவள் சொன்னது சரி என்பதுதான் என்னை இன்னும் எரித்தது.

4

இவர், என் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு சுலபமான வழி வைத்திருப்பார். ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லியிருக்கலாமே, ஏன் இவ்வளவு கரைச்சல் என்று கேட்டார். ஒன்றுவிட்ட தம்பியாம். எந்த ஒன்றை விட்டது? எங்கள் வளவில் அப்படி ஒரு சொல் புழங்கவில்லை. சின்னம்மா சோறு போட்டால் இரண்டு தட்டிலும் ஒரே அளவு போட்டார். ஒன்றை விட்டுவிட்டுப் போடவில்லை.

டொச் மொழியின் வறுமையைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். தாயின் தம்பி ஓங்கெல். தகப்பனின் அண்ணன் ஓங்கெல். அத்தையைக் கட்டினவரும் ஓங்கெல். நான் கட்டக்கூடிய மாமன் மகனும் குசேன், கட்டினால் ஊரே காறித் துப்பக்கூடிய சின்னம்மாவின் மகனும் குசேன். மச்சானையும் தம்பியையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். இவர்கள் எங்களைப் பார்த்து, உறவைக் குழப்பிச் சொல்கிறீர்கள் என்கிறார்கள்.

சலவைப் பகுதியில் துணி மடிக்கும்போது எனக்குள் நானே வாதாடுவேன். இந்த நாட்டில் ஒரு மனிதன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் பிறந்த ஊர், பிறந்த திகதி, தகப்பனின் பெயர் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அதைக் கேட்கிற விதம் வேறு. முன்பின் தெரியாத ஒரு பெடியன் வந்தால் முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு என்ன குடி மனே என்று கேட்பார்கள். தன்னுடைய குடி என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கிற குமர்ப்பிள்ளைகள் அவனுக்கு முன்னால் தாராளமாக நடமாடலாம். அவன் அண்ணன், தம்பி ஆகிவிட்டான். ஒரு சொல்லில் அவ்வளவும் முடிந்துவிடும். எல்லாம் நல்லதுக்கு என்று நான் சொல்லவில்லை. இந்தக் குடிப் பார்வையால் கலியாணம் குழம்பி அழுத பெண்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் யாருடைய வயிற்றில் இருந்து வந்தான் என்பதைச் சொல்ல எங்களுக்கு ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் இங்கே சாராயமாகிவிட்டது.

சித்திரை பிறந்து சில நாளில் சின்னம்மா மறுபடி எடுத்தார். வைகாசிச் சடங்குக்கு இம்முறை ஊரடங்கு போடுவார்களோ தெரியாது, எங்கள் குடிக்குரிய நாளில் படையல் சாமான் வைத்த மடைப்பெட்டி தூக்குவதற்கு வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, அடுத்த வீட்டுக்காரனைத்தான் கேட்கவேண்டும் என்றார். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

"தம்பி உன்னோடதானே இரிக்கான்?"

ஓம் சின்னம்மா, என்னோடதான் என்றேன். அந்த நேரத்தில் அவன் பதிவு முகாமில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் இருந்தான். இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.

5

இரண்டாவது விசாரணைக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், மரியாதையாகப் பேசுகிறவர். அதே மொழிபெயர்ப்பாளர். யோகன் சொன்ன கழுத்துப்பட்டியும் இருந்தது. யோகன் ஒரு கரையில், நான் ஒரு கரையில். நடுவில் சட்டத்தரணிப் பெண். அவனுடைய சட்டை கழுத்தில் தொளதொளவென்று இருந்தது. மெலிந்து போயிருந்தான்.

உள்ளே போகமுன் சட்டத்தரணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு விசயத்தைச் சொன்னார். இது அக்கா தம்பிப் பிரச்சினை இல்லை. இவர்கள் ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பொய் என்று எழுதுவார்கள். பிடித்துக்கொண்டு போனது பொய், தோள் பொய், தோணி பொய். அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைப்பது கொழும்புக்கு ஒரு வழி விமானச் சீட்டு. விமான நிலையத்தில் அவனை யார் எதிர்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நீங்கள் உடன்பிறந்தவர் இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிடுங்கள், மொழிக் குழப்பம் என்று நான் எழுதுகிறேன், உங்கள் மாநிலத்துக்கு அவன் வரமாட்டான், ஆனால் அவனுடைய கதையை முதலில் இருந்து கேட்பார்கள் என்றார். யோகனிடமும் சொன்னாராம். அவன் தலையை ஆட்டினானாம். அவன் யாருக்கும் எதற்கும் தலையை ஆட்டுவான்.

அதிகாரி என்னிடம் முதலில் கேட்டார். நான் தமிழில் தொடங்கினேன். குடி என்ற சொல் வந்ததும் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்தேன். அவர் மறுபடி குடிக்கிற சொல்லைத்தான் எடுத்தார். அது அப்படி இல்லை என்று டொச்சில் குறுக்கிட்டேன். அதிகாரி கையை உயர்த்தி, நீங்கள் தமிழில் பதில் சொல்ல விரும்பியவர், ஒன்றில் தமிழில் சொல்லுங்கள், ஒன்றில் டொச்சில் சொல்லுங்கள், இரண்டையும் கலக்கவேண்டாம் என்றார். சரி, டொச்சில் சொல்கிறேன் என்றேன். சொல்லத் தொடங்கியதும் வெளியே வந்த சொற்கள் அம்மா, அம்மாவின் தங்கச்சி, வயிறு, கிணறு. குடிக்கு டொச்சில் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. பதினாறு வருசம் இந்த மொழியில் கூலி வாங்கியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கீழே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் வெட்கமும் கலந்துவிட்டது.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேலே ஒரு பெட்டி, கீழே இரண்டு பெட்டி, அதற்குக் கீழே இரண்டு பெட்டி. கோடுகளால் இணைத்தார். இது உங்கள் தாய், இது அவருடைய தாய், இருவரும் சகோதரிகள். அப்படியானால் அவர் குசேன், நீங்கள் குசீனே. அவ்வளவுதானே, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் வளவு முழுவதும் ஐந்து பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

ஓம் என்றேன். நான் அவனுடைய அக்கா இல்லை என்று டொச்சில் சொன்னேன். அந்த மொழியில் அது சின்ன வசனம். வாயில் ஒன்றும் ஒட்டவில்லை. அதிகாரி எழுதினார்.

பிறகு மொழிபெயர்ப்பாளரிடம், இதைத் தமிழில் சொல்லி அவர் ஒத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள் என்றார். அவர் யோகனின் பக்கம் திரும்பினார்.

"இவா உங்கட அக்கா இல்லை எண்டு சொல்லுறா. நீங்கள் ஒத்துக்கொள்ளுறீங்களோ?"

அது தமிழில் கேட்டபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் அந்த வசனத்தைச் சும்மா யாரும் சொல்வதில்லை. காணி வழக்கில் மண்ணை அள்ளித் தூற்றி, இன்றையில் இருந்து நீ எனக்குத் தம்பியும் இல்லை, நான் உனக்கு அக்காவும் இல்லை என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். உறவை வெட்டுவதற்கென்றே இருக்கிற வசனம் அது. அதை நான் ஒரு அலுவலக அறையில், அவன் முகத்துக்கு நேரே, வேறொரு ஆளைக்கொண்டு சொல்வித்திருக்கிறேன்.

யோகன் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். ஓம் என்று சொல்லு, ஒரு சொல்தானே, சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன். தலையைக்கூட ஆட்டினேன். பிறகு சொன்னான்.

"அக்கா சொன்னாச் சரி."

இத்தனை நாளும் எங்கள் சொல்லையெல்லாம் கொத்திக் குதறிய மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கென்று பார்த்து ஒரு எழுத்தும் பிசகாமல் அதை டொச்சில் சொன்னார். "என் சகோதரி சொன்னால் சரிதான்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். எந்தச் சகோதரி என்று கேட்டார்.

சட்டத்தரணிப் பெண் அவசரமாகக் குறுக்கிட்டு, அது தமிழர்கள் மரியாதைக்குச் சொல்கிற சொல், வயதில் மூத்த பெண் யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்றார். கடையில் காய்கறி வாங்கும்போதுகூடவா என்று அதிகாரி கேட்டார். கடையிலும்தான் என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் நான் அங்கே சொன்னவற்றில் அதுதான் எனக்குப் பெரிய பொய்யாகப் பட்டது. அதிகாரி எழுதினார். குடிப்பழக்கம் பற்றிய வரியையும் நீக்கும்படி சட்டத்தரணி கேட்டார். பதிவான வாக்குமூலத்தை நீக்க முடியாது, விளக்கம் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. ஆகவே அவன் குடிகாரன்தான், விளக்கத்தோடு.

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்தார். குடி என்றால் உங்கட பக்கத்தில வேற அர்த்தமோ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். விளங்கப்படுத்த நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

6

யோகனுடைய வழக்கை முதலில் இருந்து கேட்பதாகக் கடிதம் வந்தது. தோளை வைத்தியர் பார்த்து எழுதவேண்டும் என்றும் இருந்தது. அது நல்ல செய்தி என்று சட்டத்தரணி சொல்கிறார். இன்னும் முடிவு இல்லை. கடிதத்தின் இரண்டாவது பந்தியில் அவனை மலைப்பக்கத்து மாநிலம் ஒன்றுக்கு அனுப்புவதாக இருந்தது. இந்த நாட்டில் அவருக்கு நெருங்கிய குடும்பத்தினர் எவரும் இல்லாதபடியால், என்று காரணமும் போட்டிருந்தார்கள். என் கையெழுத்தை வைத்துத்தான் அதை எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அவன் இருக்கிற முகாமுக்குப் போகிறேன். மது ஒருமுறை வந்தாள். இப்போது ஞாயிறுகளில் அவளுக்குக் கைப்பந்து விளையாட்டு. மாமாவுக்கு என்று தன் பழைய கம்பளித் தொப்பியைக் கொடுத்துவிட்டாள், அதில் ஏதோ விளையாட்டுக் கழகத்தின் பெயர் போட்டிருக்கிறது. நான் மீன்குழம்பையும் சோற்றையும் துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுவேன். சமைத்த சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று முதல்நாள் சொன்னார்கள். இப்போது காவலாளிக்கு என்னைப் பழகிவிட்டது, மூக்கைச் சுழித்துவிட்டு விடுகிறார்.

வாசலில் ஒரு சின்னத் துண்டு நிரப்பவேண்டும். பெயர், விலாசம், பார்க்கிறவரின் பெயர், என்ன உறவு. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்று பெட்டிகள் இருக்கின்றன. கடைசியில் ஒரு பெட்டி, தெரிந்தவர். குசேனுக்குக்கூடப் பெட்டி இல்லை. போகிற ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தக் கடைசிப் பெட்டியில் புள்ளடி போடுகிறேன். அங்கே இருக்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் அவனுடைய பெயரைச் சொல்லி, உங்களைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிவிப்பாள். அவனுடைய பெயரையும் யோஹான் என்றுதான் சொல்வாள்.

போன ஞாயிறு அப்படிச் சொல்லி வாய் மூடமுன் அவன் படியில் ஓடி வந்தான். இடது கையை உடம்போடு சேர்த்துப் பிடித்தபடிதான் ஓடுகிறான். மண்டபத்தின் அந்த மூலையில் இருந்தே அக்கா என்று கூப்பிட்டான். அங்கே எத்தனையோ தமிழ்ப் பெடியன்கள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்தச் சொல் காவலாளிக்கு நன்றாகத் தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு நான் புள்ளடி போட்ட துண்டைப் பார்த்தார். அந்தத் துண்டு எங்கே போகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவனை மூலையில் இருந்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போய், சாப்பாட்டைக்கூட அவிழ்க்காமல், பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

"இஞ்ச வச்சு என்ன அக்கா எண்டு கூப்பிடாத."

அவனுக்கு விளங்கவில்லை. பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். சின்ன வயதில், ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று கேட்பான். அதே முகத்தோடு, ஒரு மனக்குறையும் இல்லாமல், விடை கட்டாயம் என்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டான்.

"மறுகா என்னெண்டு கூப்பிடுற?"

சோற்றுப் பொதியை அவிழ்த்து அவன் முன்னால் வைத்தேன். ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.